கிணற்றடி ஐந்து மரங்கள்

மச்சான் இரண்டு உள்ளங்கைகளையும் குவித்து என் முன்னால் நீட்டினார். கை நிறைய வெள்ளை வெள்ளையாகச் செத்த பூச்சிகள்.

"பாத்தீங்களா மாப்ள! கேட்டிருச்சுங்க! உங்க மருந்து கேட்டிருச்சு!"

காலை ஏழு மணி இருக்கும். பழனிக்குப் பக்கத்தில் பாலசமுத்திரத்தில், அக்கா வீட்டுக் கொய்யாத் தோட்டம். முந்தின நாள் சாயங்காலம் நான் அடித்த மருந்தின் நெடி இன்னும் மூக்கில் ஏறிக்கொண்டிருந்தது. மரத்தடி மண்ணெல்லாம் கோலமாவு கொட்டியதுபோலக் கிடந்தது. ஆறு மாதமாகச் சிரிக்க மறந்திருந்த மச்சானுக்கு அன்றைக்கு வாயெல்லாம் பல்.

நான் சட்டைப்பையிலிருந்து லென்ஸை எடுத்தேன். பெருமைக்காகத்தான் எடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மச்சான் கையிலிருந்து ஒன்றை எடுத்து மல்லாக்கத் திருப்பினேன். பார்த்தேன். வேறொன்றை எடுத்துப் பார்த்தேன். மூன்றாவதையும் பார்த்தேன்.

அது மாவுப்பூச்சி இல்லை. மாவுப்பூச்சியைத் தின்று தீர்ப்பதற்காக நானே பெட்டியில் கொண்டுவந்து விட்டிருந்த வண்டின் குஞ்சு.

"என்ன மாப்ள, செத்துப்போச்சுதானுங்களே?"

"செத்துப்போச்சு மச்சான்" என்றேன்.

அதில் பொய் எதுவும் இல்லை. பொய் அதற்குப் பிறகுதான் வந்தது. இத்தனை வாரமாக இந்தப் பக்கங்களில் எதையெதையோ எழுதி, இதை மட்டும் ஒதுக்கி ஒதுக்கி வைத்துக்கொண்டிருந்தேன். இந்த வாரம் எழுதிவிடுகிறேன்.

டாக்டர் என்று ஒரு பட்டம்

புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்காக ஒரு வரி. நான் திண்டுக்கல்லில் பழனி ரோட்டில் பூச்சிமருந்துக் கடை வைத்திருந்தவன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திறந்தேன்.

எங்கள் பக்கம் யாரும் பூச்சிமருந்து என்று முழுதாகச் சொல்வதில்லை. வெறும் மருந்துதான். "மருந்து குடுங்க", "மருந்து அடிச்சாச்சு", "மருந்து கேட்டிருச்சு." காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து, கத்தரிச்செடிக்கு அடிப்பதும் மருந்து. அதனாலோ என்னவோ, விற்கிறவனுக்குத் தான் விஷம் விற்கிறோம் என்ற நினைப்பே வராது.

காலையில் கடை திறக்கும்போதே நாலு பேர் நிற்பார்கள். பாலித்தீன் பையில் ஒரு இலை, ஒரு சுருண்ட கொழுந்து, ஒரு சொத்தைக் காய். வாங்கி, லென்ஸை வைத்து, உம் என்று ஒரு கனைப்புக் கனைத்து, ஒரு பாட்டிலை எடுத்து வைப்பேன். டாக்டர் என்றே கூப்பிட்டார்கள். கிண்டலாகத்தான் ஆரம்பித்தது. நான் அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டேன்.

கடைக்குப் பின்னால் விதை மூட்டை போடும் அறை. அங்கே எலித் தொல்லை. எலி வந்த கொஞ்ச நாளில் எங்கிருந்தோ மூன்று பூனைகளும் வந்து சேர்ந்தன. எலி ஒழியவில்லை, ஆனால் கட்டுக்குள் இருந்தது. பூனை மூத்திர நாற்றம் பொறுக்காமல் ஒருநாள் நானே எலி பாஷாணம் வைத்தேன். எலிகள் செத்தன. செத்த எலியைத் தின்ற ஒரு பூனையும் செத்தது. மற்ற இரண்டும் தீனி இல்லாமல் வேறு இடம் தேடிப் போய்விட்டன.

மூன்றே மாதம். எலி முன்னைவிட அதிகமாகத் திரும்பி வந்தது. பூனை வரவில்லை.

எலி ஒரு ஈற்றுக்கு எட்டு, பத்து என்று போடும். கண்ணை மூடித் திறப்பதற்குள் அந்தக் குட்டிகளும் குட்டி போடும். பூனை அப்படி இல்லை. இரண்டையும் சேர்த்துக் கொன்றால் முதலில் திரும்பி வருவது எலிதான். என் கடையில், என் கண் முன்னால் நடந்தது இது. ஆனாலும் அதையும் பூச்சியையும் சேர்த்து யோசிக்கிற அளவுக்கு எனக்கு மூளை வேலை செய்யவில்லை.

அக்காவின் மரங்கள்

பாக்கியம் அக்கா எனக்கு ஐந்து வயது மூத்தவள். எங்கள் பிறந்த ஊர் வடமதுரை. அங்கிருந்து பாலசமுத்திரத்துக்கு வாக்கப்பட்டுப் போனாள். மச்சான் பெயர் வேலுச்சாமி.

அவள் அங்கே போன அதே வருடம்தான் அந்த இரண்டு ஏக்கரிலும் கொய்யா வைத்தார்கள். கிணற்றில் அப்போது மோட்டார் கிடையாது. நூற்றுச் சொச்சம் கன்றுக்கும் குடத்தில் தூக்கி ஊற்றினாள். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. இதற்கு மேல் அந்த மரங்களைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடம் ஆகியிருக்கும். காம்படியில் பஞ்சுபோல ஒரு வெள்ளை தெரிகிறது என்று அக்கா போன் செய்தாள். மாவுப்பூச்சி. மாவைப் பூசிக்கொண்டதுபோல உடம்பெல்லாம் மெழுகு. ஒரு இடத்தில் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். அக்கா சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து இலை இலையாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"துடைச்சா போகுமா அக்கா? பஸ்ல மருந்து குடுத்து விடுறேன்" என்றேன்.

அடித்தார்கள். பூச்சி செத்துக் கொட்டியது. இருபது நாளில் இரண்டு மடங்காக வந்தது. அடுத்து, இன்னும் வீரியமானது அனுப்பினேன். அதிலும் கொட்டியது. மறுபடி வந்தது, மூன்று மடங்காக. இலையெல்லாம் பிசுபிசுத்து, அதன்மேல் கரும்பூசணம் படர்ந்து, தோட்டமே அடுப்புக்கரி பூசிக்கொண்டதுபோல நின்றது. பழத்தைத் தொட்டால் விரல் ஒட்டியது.

என்ன நடந்தது என்று இப்போது சொல்ல முடிகிறது. மாவுப்பூச்சிக்கு மெழுகுச் சட்டை உண்டு. பட்டை இடுக்கில் ஒளிந்துகொள்ளும். அதைத் தேடித் தின்கிற சிலந்தி, குட்டிக் குளவி, சின்னச் சின்ன வண்டு இவையோ பகிரங்கமாக இலைமேல் அலைகிறவை. மருந்தில் முதலில் சாவது அவைதான். இடுக்கில் ஒளிந்து தப்பிய நாலு மாவுப்பூச்சிகள், தின்ன ஆளில்லாத தோட்டத்தில் ஆயிரமாகும். ஒவ்வொரு முறையும் காவல்காரனைக் கொன்றுவிட்டுக் கதவைத் திறந்து வைத்திருக்கிறோம். அதற்கான பாட்டில் என் கடையிலிருந்து போனது.

மார்கழியில் ஒருநாள் போயிருந்தேன். மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டே பேசினார்.

"தைப்பூசம் போவட்டுமுங்க மாப்ள. கூட்டம் கலைஞ்சதும் மரத்தையெல்லாம் வெட்டிப்போட்டு மக்காச்சோளம் வெச்சிருவேன். ரம்பக்காரன்கிட்டச் சொல்லிப்போட்டேன்."

பஸ் ஏறப் போகும்போது அக்கா கிணற்றடியில் என்னை நிறுத்தினாள்.

"டவுன்ல உன்னைய டாக்டர்ங்கிறாகளாம்ல? எம் மரத்தைக் காப்பாத்திக் குடுத்துருடா தம்பி. வேற ஒண்ணும் உங்கிட்ட நான் கேட்டதில்ல."

அது உண்மை. அதற்கு முன்னாலும் பின்னாலும் அவள் என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

பூசணிக்காயில் வளர்ந்த வண்டு

எனக்குத் தெரிந்த விவசாய அலுவலர் அம்மா ஒருவர் இருந்தார். விஷயத்தைச் சொன்னதும், "மருந்தை நிறுத்துங்க அண்ணா, நான் வண்டு வாங்கித் தர்றேன்" என்றார். எங்கோ இருட்டறையில் பூசணிக்காய்களை அடுக்கி, அதில் மாவுப்பூச்சியை வளர்த்து, அந்தப் பூச்சியைத் தீனியாகப் போட்டு வண்டு வளர்க்கிறார்களாம். எனக்குச் சிரிப்பு வந்தது. மாவுப்பூச்சியை ஒழிக்க ஊரே கிடந்து அல்லாடும்போது அதைக் காசு போட்டு வளர்க்கிறார்களா?

ஒரு வாரத்தில் பெட்டியோடு கடைக்கே வந்துவிட்டார். வலை கட்டிய பிளாஸ்டிக் டப்பாக்கள். உள்ளே மிளகைவிடச் சின்னதாகக் கறுப்பு வண்டுகள், தலைப்பக்கமும் வால்பக்கமும் செங்கல் நிறம்.

"மரத்துக்கு நாலஞ்சு விட்டாப் போதும் அண்ணா. முதல் ரெண்டு வாரம் ஒண்ணுமே தெரியாது. பூச்சிக்கு நடுவுல முட்டை வச்சு, குஞ்சு வந்து, அது தின்னு பெருகணும். தீனி நிறைய இருந்தாத்தான் வண்டு பெருகும், அதனால பூச்சி முன்னாடி ஓடும், வண்டு பின்னாடிதான் வரும். பயந்துராதீங்க. ஒரு மாசத்துக்கு எந்த மருந்தும் கூடாது. அப்புறம் இன்னொண்ணு, அந்தக் குஞ்சு இருக்கு பாருங்க..."

அந்த நேரம் பார்த்து வாடிக்கையாளர் ஒருவர் தக்காளிச் செடியை வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்து கல்லா மேசைமேல் போட்டார். நான் அவர் பக்கம் திரும்பினேன். அலுவலர் அம்மா தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. நான் தலையாட்டியதும் நினைவிருக்கிறது. என்ன சொன்னார் என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை.

மறுநாளே பாலசமுத்திரம் போய் வண்டுகளை விட்டேன். கிளைக்குக் கிளை அக்கா டப்பாவைத் தட்டிவிட்டாள். மச்சான் தூரத்தில் நின்று, "பூச்சிக்குப் பூச்சியேவா மருந்து?" என்று கேட்டுவிட்டு மோட்டார் போடப் போய்விட்டார்.

பிறகு போன்தான்.

"ஒரு வண்டையும் காணம்டா."

"வரும்க்கா."

"வெள்ளை கூடத்தான் செய்யுது."

"பொறுக்கா. கொஞ்ச நாள் பொறு."

போனை வைத்ததும் வாடிக்கையாளர் முன்னால் சிரித்துக்கொண்டு நிற்பேன். உள்ளுக்குள் நாளை எண்ணிக்கொண்டிருப்பேன். பூசத்துக்கு இன்னும் இருபது நாள். பதினைந்து. பன்னிரண்டு. சாப்பாடு இறங்கவில்லை. மரம் வெட்டுகிற ரம்பச் சத்தம் கடையில் இருக்கும்போதே கேட்பதுபோல இருக்கும், தெருவில் ஏதாவது ஆட்டோ போயிருக்கும்.

"இது ஓடுதுடா"

பூசத்துக்கு ஒன்பது நாள் இருக்கையில் கடையை அடைத்துவிட்டுப் போனேன். ரோடெல்லாம் பாதயாத்திரைக் கூட்டம். பஸ் ஊர்ந்துதான் போயிற்று. மஞ்சள் வேட்டியும் பச்சை வேட்டியுமாக ஜனம் "அரோகரா" என்று பழனிக்கு நடந்துகொண்டிருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து நானும் முருகனைத்தான் கூப்பிட்டேன்.

தோட்டத்துக்குள் நுழைந்ததும் கால் நின்றுவிட்டது. முன்பு பார்த்ததைவிட வெள்ளை. இலைக்கு அடியில், காம்பில், கிளையில், எங்கும். அதிலும் பழைய பூச்சியைவிடப் பெரிது பெரிதாக, நீளமான வெள்ளைத் தும்புகளோடு. வண்டைத் தின்று மாவுப்பூச்சி கொழுத்துவிட்டதோ என்றுகூட ஒரு கணம் கோணல் புத்தி போயிற்று.

அக்கா ஒரு கிளையை வளைத்துப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"ஏலே, இங்க வந்து பாரு. இது வேற. பழைய பூச்சி பசை போட்ட மாதிரி ஒட்டிக்கிட்டே கெடக்கும். இது ஓடுதுடா. இம்புட்டு வேகமா அது ஓடாது."

மாதக்கணக்கில் அந்தப் பூச்சியைத் துணியால் துடைத்துத் துடைத்துப் பழகியவள் அவள். அதன் நடை அவளுக்குத் தெரியும். நான் லென்ஸை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. மேலிருந்து பார்த்தேன், வெள்ளையாக இருந்தது, எனக்கு அது போதும்.

"வெயிலுக்கு ஓடும்க்கா."

"இத்தன நாள் வெயில் அடிக்கலயா?"

"நீ சும்மா இருக்கா. எனக்குத் தெரியாததா?"

இந்த வார்த்தையை எழுதும்போது கை கூசுகிறது. பயத்தில் இருப்பவனுக்கு ஏதாவது செய்துகொண்டே இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஒரு மாதம் மருந்து கூடாது என்று சொன்னது காதில் ஒலித்தது. அந்த அம்மாவுக்கு என்ன, அவர் மரமா போகப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பையில், ஒருவேளை தேவைப்பட்டால் என்று, இருப்பதிலேயே வீரியமான மருந்தைக் கொண்டுவந்திருந்தேன்.

மச்சான் டேங்கைத் தோளில் மாட்டிக்கொண்டார். இன்னொன்றை நான் மாட்டிக்கொண்டேன். வரிசை வரிசையாக அடித்துக்கொண்டே கிணற்றுப் பக்கம் வந்தோம். அங்கே ஐந்து மரம். அக்கா குறுக்கே நின்றாள்.

"இந்த அஞ்சுல மட்டும் அடிக்க விடமாட்டேன்."

"தள்ளு பாக்கியம்" என்றார் மச்சான்.

"எல்லாத்துலயும் அடிச்சாச்சுல்ல? இந்த அஞ்சு கெடக்கட்டும். இதுல ஓடுறது என்னான்னு நான் பாக்கணும்."

மச்சானுக்குக் கோபம் வந்தது. குடிக்கிற தண்ணீர்க் கிணறு, பக்கத்தில் அடிக்காமல் இருப்பதும் நல்லதுதான் என்று நான்தான் சமாதானம் சொன்னேன். அவளை நம்பி இல்லை. டேங்கில் மருந்து தீர்ந்திருந்தது, எனக்கும் தோள் வலித்தது.

மறுநாள் காலைதான் மச்சான் கை நிறையப் பிணங்களை அள்ளிக்கொண்டு வந்து சிரித்தது.

லென்ஸில் பார்த்தபோது எல்லாம் புரிந்துவிட்டது. மேலே வெள்ளை மெழுகு, மாவுப்பூச்சி மாதிரியே. கீழே சுறுசுறுப்பான ஆறு கால், கடிக்கிற வாய். அலுவலர் அம்மா சொல்லவந்தது இதைத்தான். தின்கிறது, தின்னப்படுவதன் வேஷத்திலேயே இருந்திருக்கிறது. மரத்தில் ஏறிப் பார்த்தேன். இலைமேல் அலைந்த குஞ்சுகள் ஒன்று பாக்கியில்லாமல் கொட்டியிருந்தன. பட்டை இடுக்கில் அசல் மாவுப்பூச்சி பத்திரமாக உயிரோடு இருந்தது.

ஒரே ஒரு வார்த்தை

திண்டுக்கல் திரும்பியதும் அலுவலர் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். இன்னொரு பெட்டி கிடைக்குமா என்று கேட்டேன்.

"மாசிக் கடைசியிலதான் அண்ணா கிடைக்கும். ஏன், குஞ்சு வரலையா? வெள்ளையாத்தான் இருக்கும், நான்தான் சொன்னேனே. நம்ம ஆளுங்க மாவுப்பூச்சின்னு நினைச்சு மருந்தை அடிச்சுர்றாங்க. நீங்க அடிச்சிரலையே?"

"சே, சே. நானா?"

முதல் பொய்.

பூசத்தன்றே கிளைகளில் வெள்ளை மறுபடி தலைகாட்டிவிட்டது. இந்த முறை அதைத் தொட ஒரு ஜீவன் இல்லை. பூசம் முடிந்து ரோட்டில் கூட்டம் வடிந்ததும் மச்சான் வரச்சொன்னார். போனேன். அவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அக்கா காபி டம்ளரோடு வாசல் நிலையருகில் நின்றாள்.

"ஒண்ணு கேக்கறனுங்க மாப்ள. மருந்து நல்லாத்தான் கேட்டுச்சு. என் கையில அள்ளிப் பாத்தனே. அப்பறம் எப்படி வந்துச்சு? இவ அந்தக் கெணத்தடி அஞ்சு மரத்துல அடிக்க விடலையே, அதுலருந்து பரவியிருக்குமுங்களா?"

அந்த ஐந்து மரத்திலும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்திருந்தேன். இந்த முறை லென்ஸோடு. குஞ்சுகள் மாவுப்பூச்சியை மென்று தள்ளிக்கொண்டிருந்தன. சில வண்டாக மாறுவதற்குக் கூடு கட்டவும் தொடங்கியிருந்தன. ஒரே மாதம் பொறுத்தால் அங்கிருந்தே வண்டு கிளம்பித் தோட்டம் முழுக்கப் பரவும். எனக்கு அது தெரியும். நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "மச்சான், நான் கொன்னது மாவுப்பூச்சி இல்ல. அக்கா சொன்னதுதான் சரி. வெட்டாதீங்க."

தொண்டை வரை வந்தது. கூடவே கடையும் வந்தது. பூச்சிக்கும் வண்டுக்கும் வித்தியாசம் தெரியாத டாக்டர் என்று பழனி ரோடு முழுக்கச் சிரிப்பார்கள். மச்சான் முன்னால் எந்த முகத்தோடு நிற்பேன்?

"இருக்கலாம் மச்சான்" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். மச்சான் அவளைப் பார்த்தார். அவள் காபியை என் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அடுத்த வாரம் ரம்பக்காரர்கள் வந்தார்கள். நான் போகவில்லை. கடையில் சரக்கு இறங்குகிறது என்று சொல்லிவிட்டேன். இரண்டே நாளில் நூற்றுச் சொச்சம் மரமும் போயிற்று. கிணற்றடி ஐந்தை மட்டும் விட்டுவிட்டார்கள். வெட்டினால் கிணற்றுக்குள் சாயும், மோட்டார்க் குழாய் உடையும், பிறகு கயிறு கட்டி இறக்கலாம் என்று சொன்னார்களாம்.

தீனி இல்லாத வண்டுகள்

பங்குனியில் ஒருநாள் அக்காவிடமிருந்து போன்.

"தம்பி, அந்த அஞ்சு மரமும் பளிச்சுன்னு இருக்குடா. ஒரு பூச்சி இல்ல. கொழுந்து விட்டிருக்கு. ஏன்டா இது மட்டும் பொழச்சுச்சு?"

"கெணத்துத் தண்ணிக்கா" என்றேன். "ஈரம் இருக்குல்ல."

மச்சானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். அவற்றை வெட்டவில்லை.

நான் போனபோது வீட்டுக்குள் கறுப்பு வண்டுகள். ஜன்னல் விளிம்பில், தண்ணீர்ப் பானை மூடியில், துவைத்துக் காயப்போட்ட சேலையில். மரத்தில் இருந்த பூச்சி முழுவதையும் தின்று முடித்துவிட்டன. சுற்றிலும் இருந்த மரங்களில் அவற்றுக்கு ஒரு வருடத் தீனி இருந்தது. அந்த மரங்கள் இல்லை. வெறும் உழவுக்காடு. வேறெங்கும் போக வழி தெரியாமல் வீட்டுக்குள் வந்து செத்துக்கொண்டிருந்தன. அக்கா துடைப்பத்தால் கூட்டி முறத்தில் அள்ளினாள். இது நீ கொண்டாந்து விட்ட வண்டுதானே என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் முறத்தை வெளியே கொண்டுபோய்க் கொட்டினாள். என்னால் அங்கே உட்கார முடியவில்லை, சாப்பிடாமலே பஸ் ஏறினேன்.

அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கும் மேலாக, எங்கள் குடும்பத்தில் எந்தக் காதுகுத்து, கல்யாணம் நடந்தாலும் மச்சான் ஒரு பேச்சைச் சொல்லாமல் எழுந்ததில்லை. "எங்கூட்டுக்காரி அஞ்சு மரத்துக்குப் பரிஞ்சு பேசி நூறு மரத்தைத் தின்னுபோட்டாளுங்க." கூட்டம் சிரிக்கும். அவர் கொடுமைக்காரர் இல்லை, வேடிக்கையாகத்தான் சொல்வார். அக்காவும் சிரிப்பாள். ஒரு பக்கம் நானும் இலைமுன்னால் உட்கார்ந்து சிரித்திருக்கிறேன்.

கடையில் பிறகு எத்தனையோ பேருக்கு வண்டைப் பற்றிச் சொன்னேன். இலையைத் திருப்பிப் பாருங்கள், ஓடுகிறதா ஒட்டியிருக்கிறதா பாருங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். எங்கே கற்றீர்கள் டாக்டர் என்று கேட்டால், அனுபவம் என்பேன்.

மச்சான் போய் மூன்று வருடம் ஆகிறது. கடைசிவரை அவருக்குத் தெரியாது.

படத்துக்கு முன்னால்

இந்த அத்தியாயத்தைப் பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன்னால் அக்காவிடம் கொண்டுபோனேன். போன வாரம். கண் ஆபரேஷன் முடிந்து பச்சைத் துணி மறைப்போடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவளே படித்துக்கொள்ளட்டும் என்று தாளைக் கையில் கொடுத்துவிட்டு வெளியே நின்றுகொள்ளலாம் என்பதுதான் என் திட்டம். அதற்கும் வழியில்லாமல் போயிற்று. நானே வாய்விட்டுப் படிக்க வேண்டியிருந்தது.

மேலே நீங்கள் படித்தது அத்தனையும் படித்தேன். படித்து முடித்து, தாளை மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். திட்டுவாள் என்றும் நினைத்தேன். எதுவாக இருந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போயிருந்தேன்.

"ஓடுதுன்னு அன்னைக்கே சொன்னேன்ல" என்றாள்.

"சொன்னக்கா."

"எம்மேலதான் தப்புன்னு நானே நம்பிட்டேன்டா. ராத்திரி தூக்கம் வராதப்பெல்லாம் அதையே நெனப்பேன். அஞ்சுலயும் அடிக்க விட்டுருக்கலாமேன்னு."

மன்னிச்சிரு அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எங்கிட்ட என்னத்துக்கு? எனக்கு அஞ்சு மரமாச்சும் இருந்துச்சு, பாத்துக்கிட்டேன். அந்த மனுசன் சாகுற வரைக்கும் என்னைய அப்படித்தான நெனச்சுட்டுப் போனாரு?"

நாற்காலியைப் பிடித்து எழுந்தாள். ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டே நடுவீட்டுக்குப் போனாள். அங்கே மச்சான் படம், காய்ந்த செவ்வந்தி மாலையோடு. படத்துக்கு நேராக என்னை நிறுத்தினாள்.

"அவருகிட்டப் படி. மொதல்ல இருந்து."

"அக்கா..."

"படிடா. சத்தமாப் படி. அவருக்குக் கடைசியில காது மந்தம்."

நின்று படித்தேன்.